புளி தீர்ந்துபோச்சா? பதறாதீங்க பாஸ்!

அடுப்புல பருப்பு வெந்துடுச்சு. தக்காளி நறுக்கியாச்சு. தாளிக்கக் கடுகுகூட ரெடி. டப்பாவைத் திறந்தா... புளி இல்லை! மணி ராத்திரி பத்து. தெருமுனைக் கடை ஷட்டரை இறக்கிட்டுப் போயாச்சு. ரூம்ல இருக்கற நாலு பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்ப்பாங்க. அப்புறம் வழக்கமான தீர்ப்பு வரும்... "விடு மச்சி, பரோட்டா சாப்பிட்டுக்கலாம்!"

வெளியூர்ல ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கற யாரைக் கேட்டாலும் இந்த சீனைச் சொல்வாங்க. கேட்க காமெடியா இருக்கும். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. ஆளுக்கு எண்பது ரூபாய்னு வெச்சா நாலு பேருக்கு 320 ரூபாய். மாசத்துல எட்டு நாள் இப்படி ஆச்சுன்னா 2,560 ரூபாய் காலி! அஞ்சு ரூபாய்ப் புளி இல்லாததுக்கு இவ்வளவு தண்டம். மல்லாட்டை வித்த காசுல செமஸ்டர் ஃபீஸ் கட்டற வீடுகள் எங்க ஊர்ல நிறைய. அந்த வீட்டுப் பசங்களுக்கு 2,560 ரூபாய் சாதாரண மேட்டர் இல்லை.

எங்க ஊர்னா கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையில இருந்து செஞ்சி வழியா திண்டிவனம் போற ரோட்டுல இருக்கு. நெல், கரும்பு, மல்லாட்டை விளையற பூமி. (மல்லாட்டைன்னா வேர்க்கடலைங்க! மணிலாக் கொட்டைங்கறது எங்க வாயில நுழைஞ்சு வெளிய வரும்போது அப்படி ஆயிடுச்சு.) இங்கே இருந்து சென்னை, வேலூர், கோயம்புத்தூர்னு படிக்கப் போன பசங்களும் பொண்ணுங்களும் ராத்திரி வீட்டுக்கு போன் போட்டுக் கேட்கற முதல் கேள்வி, "சாப்டியாம்மா?" இல்லை. "அம்மா, அது இல்லைன்னா எதைப் போடறது?"தான்!

அதனால இந்த செமஸ்டர் லீவுல ஊருக்குள்ள ஒரு ரவுண்டு அடிச்சேன். எங்க பெரியம்மா, மெஸ் நடத்தற அக்கா ஒருத்தங்க, முப்பது வருஷமா கல்யாணச் சமையல் பண்ற மாஸ்டர் ஒருத்தர்னு மூணு பேரை உட்காரவெச்சு குடைஞ்சு எடுத்தேன். "இருக்கறதைப் போடுப்பா"ன்னு முதல்ல மூணு பேரும் ஒரே மாதிரி தப்பிக்கப் பார்த்தாங்க. விடாம நச்சரிச்சதுல பெரியம்மா ஒரு வரி சொன்னாங்க பாருங்க... "எதுக்குப் போடறோம்னு தெரிஞ்சா, எதைப் போடலாம்னு தன்னால தெரியும்டா!"

நான் படிக்கறது ஈ.சி.ஈ. எனக்கு உடனே எங்க லேப்தான் ஞாபகம் வந்துச்சு. சர்க்யூட்ல 470 ஓம் ரெசிஸ்டர் போடச் சொல்லியிருப்பாங்க. ஸ்டோர்ல ஸ்டாக் இல்லை. என்ன பண்ணுவோம்? 1,000 ஓம் ரெசிஸ்டர் ரெண்டை பேரலல்ல போடுவோம். 500 ஓம் கிடைக்கும். பத்து சதவீத டாலரன்ஸுக்குள்ள வந்துடும், வேலை முடிஞ்சது. ஆனா 470 ஓம் இல்லைன்னு பக்கத்து டப்பாவுல இருக்கற கெபாசிட்டரை எடுத்துச் செருகினா? லேப் அசிஸ்டென்ட் நம்மளை வெளிய அனுப்பிடுவார். சமையலும் அதே கதைதான். பேரைப் பார்க்கக் கூடாது, அது பார்க்கற வேலையைப் பார்க்கணும்.

சாம்பாரே ஒரு அட்ஜஸ்ட்மென்ட்டா?

இந்த மேட்டர்ல நம்ம தமிழ்நாட்டுக்குன்னு ஒரு சூப்பர் கதையே இருக்கு. தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் முதலாம் ஷாஜி. சிவாஜியோட மகன் சம்பாஜி இவருக்குப் பெரியப்பா மகன். அண்ணன் விருந்துக்கு வர்றார்னு அரண்மனையில 'ஆம்ட்டி'ன்னு ஒரு மராட்டியப் பருப்புக் குழம்பு வைக்கறாங்க. அதுக்குப் புளிப்பு கொடுக்கறது கோக்கம். கொங்கணக் கரையில விளையற ஒரு பழத்தோட காய்ஞ்ச தோல். பார்த்தா கோக்கம் தீர்ந்துபோச்சு! பக்கத்துல நம்ம ஊர்ப் புளி இருக்கு. கரைச்சு ஊத்திட்டாங்க. சம்பாஜிக்கு ரொம்பப் பிடிச்சுப்போக, அவர் பேராலேயே அது சாம்பார் ஆயிடுச்சாம்!

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வருஷத்தைக் கூட்டிக் கழிச்சுப் பார்த்தா கொஞ்சம் இடிக்குது. ஷாஜி பட்டத்துக்கு வந்தது 1684-ல. சம்பாஜியை அவுரங்கசீப் பிடிச்சுக் கொன்னது 1689-ல. நடுவுல இருக்கறது அஞ்சே வருஷம். அதுலயும் சம்பாஜி முகலாயர்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தார். போரை விட்டுட்டு தஞ்சாவூர் வரைக்கும் குழம்பு சாப்பிட வந்தாரான்னு தெரியாது. கதை சொல்றவங்க யாரும் அந்தக் காலத்து ஆதாரம் எதையும் காட்டறதும் இல்லை. இது போக, மசாலாச் சாமான்களுக்கு 'சம்பாரம்'னு ஒரு சொல் நம்ம மொழியிலேயே இருக்கு. பேர் அங்கே இருந்தும் வந்திருக்கலாம். சம்பாஜி கதையை நான் பாதிதான் நம்பறேன்.

ஆனா கதையில வர்ற சமையல்காரரை முழுசா நம்பறேன்! ஏன்னா ஆள் விவரம். கோக்கமும் புளியும் ரெண்டுமே காயவெச்சு வருஷக்கணக்கா வைக்கற சாமான். ரெண்டையும் ஊறவெச்சு சாறு எடுக்கலாம். ரெண்டும் பருப்போட சேர்ந்து எவ்வளவு நேரம் கொதிச்சாலும் தாங்கும். அந்த இடத்துல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சிருந்தா கதையே வேற!

புளிப்புல எத்தனை புளிப்பு!

புளியில இருக்கறது டார்டாரிக் அமிலம். எலுமிச்சையில சிட்ரிக். தக்காளியில சிட்ரிக்கும் மாலிக்கும். தயிர்ல லாக்டிக். வினிகர்ல அசெட்டிக். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் வருதா? பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினதுக்கு இப்பத்தான் யூஸ்.

நாலு பேருக்கு ரசம் வைக்க பெரிய நெல்லிக்காய் அளவு புளி வேணும். அது இல்லைன்னா ஒரு எலுமிச்சம்பழம் போதும். ஆனா அடுப்பை அணைச்சு, ஒரு நிமிஷம் விட்டு அப்புறம்தான் பிழியணும். சிட்ரிக் அமிலம் எங்கேயும் ஓடிடாது. ஆனா அந்தப் பழத்தோட மணம் சூட்டுல பறந்துடும், கொதிக்கவிட்டா கசப்பும் எட்டிப் பார்க்கும். புளி இதுக்கு நேர் எதிர். கொதிச்சு பச்சை வாசனை போனாத்தான் ருசி. அதனால ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணைப் போடும்போது, போடற நேரத்தையும் மாத்தணும். ரூம் சமையல்ல முக்கால்வாசிப் பேர் சறுக்கறது இங்கேதான்!

தக்காளின்னா மூணு. அதுவும் நாட்டுத் தக்காளி. பெங்களூர்த் தக்காளி பார்க்க கும்முனு இருக்கும், புளிப்பு கம்மி. மாங்காய் சீசன்ல அரை மாங்காயைப் பருப்போடயே வேகவெச்சு மசிச்சா பிரமாதம். புளிச்சக்கீரை கிடைச்சா சாம்பாருக்குப் புளியே வேணாம், அதுவே பார்த்துக்கும். தயிர் மட்டும் கொஞ்சம் கோவக்காரர். நேரா கொதிக்கற குழம்புல ஊத்தினா திரிஞ்சுடும். ஒரு ஸ்பூன் அரிசி மாவோ கடலை மாவோ கலந்து, தீயைக் குறைச்சு ஊத்தணும், நுரை கட்டினதும் இறக்கிடணும். அதாவது அப்போ நீங்க வெச்சது மோர்க்குழம்பு. அதை சாம்பார்னு சாதிக்காதீங்க!

வினிகர் நம்ம ரசத்துக்கு ஒத்துவராது. அசெட்டிக் அமிலம் சூடு பட்டா ஆவியா கிளம்பும், மூக்கைத் துளைக்கும். ஆனா கறிக்குழம்புல அதுக்குன்னு ஒரு ராஜ்ஜியம் இருக்கு. போர்ச்சுகீசியர்கள் ஒயினும் பூண்டும் சேர்த்து ஊறவெச்ச கறியோட கோவாவுக்கு வந்தாங்க. இங்கே தென்னங்கள்ளுல இருந்து எடுத்த வினிகர்தான் கிடைச்சது. அதை ஊத்தி, கூட மிளகாயும் சேர்ந்து விந்தாலூ ஆச்சு. சம்பாஜி கதையைவிட இதுக்கு ஆதாரம் ஸ்ட்ராங்!

மாஸ்டர்கிட்ட இந்தப் புளி மேட்டரைக் கேட்டப்போ ஒரு விஷயம் சொன்னார். "சாம்பார்ல தக்காளி குறைஞ்சா யாருக்கும் தெரியாது தம்பி. புளி குறைஞ்சா பந்தியிலயே கேட்ருவாங்க." 2023 ஜூலையில தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் பறந்துச்சே, ஞாபகம் இருக்கா? சென்னையில ரேஷன் கடையில அறுபது ரூபாய்க்குத் தக்காளி வித்தாங்க. வட இந்தியாவுல மெக்டொனால்ட்ஸ் கடைகள்ல பர்கருக்குள்ள இருந்த தக்காளியையே தூக்கிட்டாங்க. அப்போ மாஸ்டர் என்ன பண்ணினாராம்? சாம்பாருக்குக் கொஞ்சம் கூடுதலா புளி, கெட்டிக்கு வேகவெச்சு மசிச்ச பரங்கிக்காய். நிறமும் வந்துடும், லேசான இனிப்பும் வந்துடும். ரசத்துக்கு? தக்காளியே கிடையாது. தென் அமெரிக்காவுல பிறந்து வெள்ளைக்காரங்களோட இங்கே வந்த காய்தானே அது. அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க ரசம் வைக்காமலா இருந்தாங்க?

புளிக்கு இன்னொரு வேலையும் இருக்கு. பௌர்ணமி கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை போறவங்க வீட்ல இருந்து பெரும்பாலும் கட்டிக்கிட்டுப் போறது புளிசாதம். ஏன்? நல்லா சுண்டக் காய்ச்சின புளிக்காய்ச்சல்ல தண்ணி கம்மி, எண்ணெய் அதிகம், அமிலமும் ஜாஸ்தி. கிருமிங்க சீக்கிரம் குடியேற முடியாது. புளி இல்லைன்னு எலுமிச்சை சாதம் கட்டினா ருசி ஓ.கே.தான், ஆனா அதை மதியத்துக்குள்ள முடிச்சுடறது நல்லது. நாக்குக்கு மாற்று கிடைச்சா பத்தாது, டிபன் பாக்ஸுக்கும் கிடைக்கணும்!

காரம்... முதல்ல யார் சீட்டு?

மிளகாய்த்தூள் தீர்ந்தா மிளகு. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா நடந்தது தலைகீழ்! மிளகோட சீட்லதான் மிளகாய் வந்து உட்கார்ந்துச்சு. பேரைப் பாருங்க, மிளகு மாதிரி காரமான காய், மிளகாய்! பழந்தமிழ்ல மிளகுக்குப் பேர் 'கறி'. கி.பி. 408-ல ரோம் நகரத்தை முற்றுகை போட்ட அலாரிக், தங்கம் வெள்ளியோட 3,000 பவுண்டு மிளகும் கப்பமா கேட்டான்னா நம்ம பக்கத்துச் சரக்குக்கு எவ்வளவு கிராக்கின்னு பார்த்துக்கங்க. அந்த மிளகைத் தேடித்தான் கொலம்பஸ் 1492-ல கிளம்பினார். வழி மாறிப் போய் அவர் கண்டது மிளகாயை. அப்புறம் போர்ச்சுகீசியர்களோட அது இந்தியாவுக்கு வந்து, ஐந்நூறு வருஷத்துல நம்ம அஞ்சறைப்பெட்டியையே பிடிச்சுடுச்சு. திவசச் சமையல்லயும் பல கோயில் மடைப்பள்ளிகள்லயும் இன்னிக்கும் மிளகாய்க்கு இடம் கிடையாது, மிளகுதான். புது ஆளை உள்ளே விடாத பழைய கிச்சன் அது.

ரெண்டும் வேற வேற செடி, வேற வேற கண்டம். அப்புறம் எப்படி ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்துப்போகுது? மிளகாயில இருக்கறது கேப்சைசின், மிளகுல இருக்கறது பைப்பரின். ரெண்டும் நாக்குல தட்டற கதவு ஒண்ணுதான்! டி.ஆர்.பி.வி-1னு ஒரு ரிசப்டார். சூடு பட்டா மூளைக்கு அலாரம் அடிக்கற சென்சார் அது. காரம் சாப்பிட்டா வாய் 'எரியுது'ன்னு சொல்றோமே, அது உவமை இல்லை, நிஜமாவே சூடு பட்ட சிக்னல்தான் போகுது. 1997-ல இதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல மருத்துவ நோபல் கிடைச்சது, ஆர்டெம் படபூட்டியன்கிறவரோட சேர்த்து. இஞ்சியும் இதே கதவைத்தான் தட்டும், கொஞ்சம் மெதுவா.

காரத்தோட அளவுல பெரிய வித்தியாசம் உண்டு. ஸ்கோவில் கணக்குப்படி சுத்தமான கேப்சைசின் 1 கோடியே 60 லட்சம். பைப்பரின் லட்சத்துச் சொச்சம்தான். ஆனா மிளகுல பைப்பரின் 5 சதவீதமாவது தேறும், சாதாரண மிளகாயில கேப்சைசின் 1 சதவீதம்கூட இருக்காது. அதனால சமையல்ல வித்தியாசம் அவ்வளவா மிரட்டாது. ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள் போடற இடத்துல முக்கால் ஸ்பூன் மிளகுத்தூள்ல ஆரம்பிங்க. அதையும் கடைசியில போடுங்க, ரொம்ப நேரம் கொதிச்சா வாசனை ஓடிப்போயிடும். ஒரே குறை, கலர். மிளகு போட்ட காரக்குழம்பு காய்ச்சல்காரன் மாதிரி வெளிறித் தெரியும். பார்க்காம சாப்பிடுங்க!

ஆப்கானிஸ்தான்ல இருந்து ஒரு வாசனை

பெருங்காயம். ரசத்துல இதை விட்டுட்டா ஏதோ ஒண்ணு குறையுதுன்னு தெரியும், என்னன்னு சொல்லத் தெரியாது. நம்ம சமையலோட அடையாளம்னு நாம நினைக்கற இந்த வாசனை நம்ம ஊர்ச் சரக்கே இல்லை. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கம் குளிர்ந்த வறண்ட மலையில வளர்ற ஒரு செடியோட வேர்ல கீறி எடுக்கற பால், காய்ஞ்சு பிசினாகும். வருஷத்துக்கு 1,200 டன் அளவுக்கு இறக்குமதி பண்ணிக்கிட்டு இருந்தோம். நாமளே வளர்க்கலாமேன்னு, 2020 அக்டோபர் 15-ஆம் தேதி இமாச்சலப் பிரதேசத்துல லாஹௌல் பள்ளத்தாக்கு, க்வாரிங் கிராமத்துல பாலம்பூர் அரசு ஆய்வு நிலையத்துக்காரங்க முதல் கன்றை நட்டாங்க. ஒரு செடி பலன் கொடுக்கவே அஞ்சு வருஷம் ஆகும். பொறுமை பாஸ்!

பெருங்காயத்தோட வாசனைக்குக் காரணம் கந்தகம் கலந்த பொருட்கள். வெங்காயம், பூண்டோட வாசனைக்கும் அதே கந்தகக் குடும்பம்தான் காரணம். அதனால இது ரெண்டு வழிப் பாதை. பெருங்காயம் இல்லையா? ரெண்டு பல் பூண்டை நசுக்கி, எண்ணெய்ல பொன்னிறமா வறுத்துத் தாளிங்க. வெங்காயம், பூண்டு இல்லையா, இல்லை அதெல்லாம் சேர்க்காத வீடா? சூடான எண்ணெய்ல கால் ஸ்பூன் பெருங்காயம். 2019 டிசம்பர்ல வெங்காயம் கிலோ 150 ரூபாயைத் தாண்டி, எகிப்து, துருக்கியில இருந்து கப்பல்ல வந்துச்சே... அப்போ மெஸ் அக்கா சாம்பார்ல வெங்காயத்தைப் பாதியா குறைச்சுட்டு, தாளிக்கும்போது பெருங்காயத்தை இரட்டிப்பாக்கினாங்களாம். (அப்போ டீக்கடை வெங்காயப் பக்கோடாவுக்குள்ள முட்டைகோஸ் எட்டிப் பார்த்தது தனிக் கதை. சொல்லிட்டு மாத்தினா மாற்று, சொல்லாம மாத்தினா ஏமாத்து!)

ஒரு எச்சரிக்கை. கடையில விக்கற கூட்டுப் பெருங்காயத்துல பிசின் கொஞ்சம்தான், மீதி கோந்தும் மாவும். பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கோதுமை ஒத்துக்காத ஃப்ரெண்ட் யாராவது உங்க ரூம்ல இருந்தா லேபிளைப் படிச்சுட்டு வாங்குங்க.

தேங்காய் இல்லாத ஊர் சட்னி

எங்க பக்கம் தென்னந்தோப்பு பொள்ளாச்சி மாதிரி கண்ணுக்கெட்டின தூரம் எல்லாம் கிடையாது. மல்லாட்டைக்குக் குறைச்சல் இல்லை. இதே ரோட்டைப் பிடிச்சு நேரா போனா வர்ற திண்டிவனத்துல எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கு. அங்கே உருவான ரகங்களுக்கு 'டி.எம்.வி.'ன்னு பேர். அதனால எங்க வீடுகள்ல இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி இல்லாத நாளைப் பத்தி யாரும் கவலைப்பட்டதில்லை. வறுத்த மல்லாட்டை ஒரு கைப்பிடி, காய்ஞ்ச மிளகாய் மூணு, துளி புளி, உப்பு, ஒரு பல் பூண்டு. அரைச்சா முடிஞ்சது. 2025-ல தேங்காய் விலை தாறுமாறா ஏறினப்போ சிட்டியில இருக்கற என் கிளாஸ்மேட்ஸ் எல்லாம் இதைப் புது ரெசிபின்னு ஸ்டேட்டஸ் போட்டாங்க. எங்க பெரியம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே!

குருமாவுல தேங்காய் விழுதுக்குப் பதிலாவும் முந்திரிக்குப் பதிலாவும் இதே மல்லாட்டை விழுது வேலை செய்யும். கெட்டியும் கொடுக்கும், எண்ணெய்ப் பசையும் கொடுக்கும். ஆனா சாப்பிட வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க. வேர்க்கடலை அலர்ஜி இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் உள்ளே போனாலே மூச்சுத் திணறல் வரைக்கும் போகலாம். இது விளையாட்டு இல்லை.

கடை மூடினதால இல்லாம போறது ஒரு ராத்திரி கஷ்டம். போர் வந்து இல்லாம போறது வேற. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல மலேயா பக்கத்துல இருந்து வந்துக்கிட்டு இருந்த ஜவ்வரிசி நின்னுபோச்சு. அது சேகோ பனைமரத்தோட தண்டுச் சோறுல இருந்து எடுக்கறது. சேலத்துல மாணிக்கம் செட்டியார்னு ஒரு வியாபாரி, 1943 வாக்குல, மரவள்ளிக் கிழங்கை அரைச்சுப் பால் எடுத்து, அதை உருட்டி வறுத்து ஜவ்வரிசி ஆக்கற வேலையில இறங்கினார். இன்னிக்கு நாம பாயசத்துல போடற ஜவ்வரிசி முழுக்க அந்த 'மாற்று'தான். பனை ஜவ்வரிசியை நம்மள்ல யாரும் பார்த்தது கூட இல்லை!

யாழ்ப்பாணத்துல 1990-கள்ல நடந்தது இன்னும் கடினம். போரும் பொருளாதாரத் தடையும் சேர்ந்து சோப்புல இருந்து பேட்டரி வரைக்கும் எதுவும் கிடைக்காத நிலைமை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டாங்க, பனம்பழக் களியைத் தேய்ச்சுத் துணி துவைச்சாங்க. சீனி கிடைக்காத வீட்ல பனங்கட்டியை ஒரு கடி கடிச்சுக்கிட்டு வெறும் தேத்தண்ணியைக் குடிச்சாங்க. 'சர்க்கரை இல்லை, அதனால டீ வேணாம்'னு ரூம்ல அலுத்துக்கறப்போ எனக்கு இது ஞாபகம் வரும்.

இதுக்கெல்லாம் மாற்றே கிடையாது!

முதல்ல கறிவேப்பிலை. அது இல்லைன்னா எலுமிச்சைத் தோலைத் துருவிப் போடு, கொத்தமல்லி போடுன்னு நெட்ல ஆயிரம் ஐடியா வரும். எதுவும் கிட்டக்கூட வராது. அமெரிக்காவுல இருக்கற நம்ம சொந்தக்காரங்களைக் கேளுங்க. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை நாசம் பண்ற நோயைப் பரப்பற ஒரு பூச்சி கறிவேப்பிலையில குடியிருக்கும்னு, பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போக அங்கே அனுமதியே கிடையாது. இல்லைன்னா விட்டுடுங்க. வேற எதையும் போட்டு அதோட ஞாபகத்தைக் கெடுக்காதீங்க.

மஞ்சள்தூளும் அப்படித்தான். கலருக்காக லட்டுப் பொடி, கேசரிப் பவுடர்னு எதையும் தூவாதீங்க. சாம்பார் வெள்ளையா இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது. 'பளிச்' மஞ்சள் மேல ஆசைப்பட்டு லெட் குரோமேட் கலந்த தூளை வாங்கி ஈயத்தைச் சாப்பிட்ட கதையெல்லாம் வங்கதேசத்துல ஆராய்ச்சியிலேயே வெளிவந்திருக்கு.

சீரகத்துக்கு சோம்பு போடலாமான்னு கேட்கறவங்களுக்கு... பார்க்க அண்ணன் தம்பி, குணம் வேற! சோம்பு போட்ட ரசம் பிரியாணிக்கடை தண்ணி மாதிரி இருக்கும். எங்க ஊர் ரோட்டுல இருந்து ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போன ஒரு சீனியர் அண்ணன், அங்கே கடையில 'கியூமல்'னு எழுதியிருந்த பாக்கெட்டை சீரகம்னு நினைச்சு வாங்கிட்டார். அது கேரவே, அவங்க ரொட்டியில போடற விதை. நம்ம சீரகத்துக்கு அங்கே 'க்ராய்ட்ஸ்கியூமல்'னு பேர். ரசம் கொதிக்கக் கொதிக்க வீடு முழுக்க பேக்கரி வாசனை! ரெண்டு வாரம் ரசத்தையே மறந்துட்டாராம்.

கடைசியா உப்பு. இதுக்கு உலகத்துல மாற்றே இல்லை, ஆனா உப்புக்குள்ளேயே ஒரு தகராறு இருக்கு. அம்மா போன்ல சொல்ற 'ரெண்டு ஸ்பூன்' பெரும்பாலும் கல் உப்பு. ரூம்ல இருக்கறது பாக்கெட் தூள் உப்பு. கல் உப்புல கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கறதால ஒரு ஸ்பூன்ல எடை கம்மியாத்தான் நிக்கும். தூள்ல இடைவெளியே இல்லை, அதே ஸ்பூன்ல எடை ஜாஸ்தி. அப்படியே ரெண்டு ஸ்பூன் தூளைக் கொட்டினா குழம்பு கடல்தான். ஒண்ணேகால் ஸ்பூன்ல நிறுத்துங்க. கொதிச்சதும் நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பார்த்துட்டு, பத்தலைன்னா அப்புறம் போடுங்க. 'இந்துப்பு நல்லதாமே'ன்னு முழுசா அதுக்கு மாறறவங்களுக்கு மெஸ் அக்கா கடையிலேயே ஒரு பதில் ரெடியா இருக்கு: "அதுல அயோடின் சேர்த்திருக்காங்களான்னு பாக்கெட்டைத் திருப்பிப் பாரு தம்பி, அப்புறம் காசைக் கொடு."